மின்சாரத்தின் நாடி



இந்தப் பேச்சு ஓர் எண்ணைப் பற்றியது. அந்த எண் 50.

50 என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? ஐம்பது ரூபாய் நோட்டு வரலாம். ஐம்பது வயது வரலாம். ஆனால் இன்னொரு 50 இருக்கிறது. மின்சாரம் உள்ள எல்லா வீட்டிலும் அது இருக்கிறது. சுவிட்சுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அது நிலைகுலைந்தால் கோடிக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் இருண்டுவிடும். அப்படி நடந்தும் இருக்கிறது.

அந்த 50 எது? அதை யார் காக்கிறார்கள்? காற்றாலையும் சோலாரும் பெருகும் இந்தக் காலத்தில் அதைக் காப்பது ஏன் கடினமாகிறது? இதில் ஒரு விவசாயிக்கு என்ன பங்கு? மாவு மில் நடத்துபவருக்கு என்ன பங்கு? வீட்டை நடத்தும் தாய்க்கு என்ன பங்கு? இவைதான் இன்றைய கேள்விகள்.

குதிர் இல்லாத விளைச்சல்

நெல் விளைகிறது. குதிரில் கொட்டி வைக்கலாம். ஆறு மாதம் கழித்து எடுத்து அரைக்கலாம். மழை பெய்கிறது. ஏரியில் தேக்கலாம். கோடையில் பாய்ச்சலாம்.

மின்சாரம் அப்படி இல்லை. கம்பி என்பது வெறும் பாதை. அது குதிர் அல்ல. கம்பிக்குள் மின்சாரத்தைக் கொட்டி வைக்க முடியாது. இந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவு இந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். கூடவும் கூடாது. குறையவும் கூடாது.

மாலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஆறரை மணி. ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது. அடுத்த வீட்டில் மிக்சி ஓடுகிறது. தெருக்கோடியில் டீக்கடையில் டி.வி. ஓடுகிறது. இப்படி நாடு முழுவதும் கோடிக்கணக்கான சுவிட்சுகள். யாரும் யாரிடமும் சொல்லிவிட்டுச் சுவிட்ச் போடுவதில்லை. யாரும் அனுமதி கேட்பதில்லை. இருந்தாலும் கேட்ட நொடியில் மின்சாரம் வருகிறது.

எவ்வளவு மின்சாரம்? பெரிய அளவு மின்சாரத்தை மெகாவாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு மெகாவாட் என்பது பத்து லட்சம் வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஆயிரத்தை ஒரே நேரத்தில் சூடாக்கினால் ஒரு மெகாவாட் வேண்டும். 2024 மே 30 அன்று இந்தியாவின் மின் தேவை சுமார் 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. அவ்வளவும் அந்தந்த நொடியில் உற்பத்தியாகி, அந்தந்த நொடியில் செலவானது.

உற்பத்தியும் செலவும் சமமாக இருக்கின்றனவா? அதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் 50.

நாடி பிடித்துப் பார்த்தல்

வைத்தியர் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். நாடி சீராக இருந்தால் அவர் முகம் மலர்கிறது. ஓடினாலும் கவலை. தளர்ந்தாலும் கவலை.

மின்சாரத்துக்கும் நாடி உண்டு. வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை. முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுகிறது. ஒரு நொடிக்கு 50 தடவை முன்னே போய்ப் பின்னே வருகிறது. இந்த 50-க்குப் பெயர் அதிர்வெண். இதை அளக்கும் அலகு ஹெர்ட்ஸ். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்.

இந்த 50 எங்கிருந்து வருகிறது? மின் நிலையத்தில் சுழலும் சக்கரத்திலிருந்து வருகிறது. நிலக்கரியை எரிக்கிறார்கள். நீராவி உண்டாகிறது. நீராவி ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் பெயர் டர்பைன். அது நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது. ஒரு நொடிக்கு எத்தனை? 3,000-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள். 50 வரும். அதுதான் அந்த 50.

தேவை கூடினால் சக்கரத்துக்குப் பாரம் கூடுகிறது. அது மெல்லத் தளர்கிறது. 50 குறைந்து 49.9 ஆகிறது. 49.8 ஆகிறது. தேவை குறைந்தால் பாரம் குறைகிறது. சக்கரம் வேகம் எடுக்கிறது. 50.1 ஆகிறது. 50.2 ஆகிறது.

இப்போதுள்ள விதிப்படி இந்த நாடி 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும். எவ்வளவு சிறிய இடைவெளி பாருங்கள்!

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1990-களில் மாலை நேரத்தில் அதிர்வெண் 48 வரைகூட இறங்கும். நள்ளிரவில் 51-ஐத் தாண்டும். அப்போது ஒரு மாநிலம் தன் பங்குக்கு மேல் மின்சாரம் எடுத்தாலும் பெரிய தண்டனை இல்லை. 2002, 2003 ஆண்டுகளில் புதிய கட்டண முறை வந்தது. நாடி தளர்ந்திருக்கும் நேரத்தில் கூடுதலாக எடுத்தால் விலை அதிகம். நாடி வேகமாக இருக்கும் நேரத்தில் எடுத்தால் விலை குறைவு. பணம் பேசியது. மாநிலங்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கின. நாடியும் சீராகத் தொடங்கியது.

ஒரே தேர், பல கைகள்

கோயில் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். ஒரே தேர். நீண்ட வடம். நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து இழுக்கிறார்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். ஒருவர் ஓடவும் முடியாது. ஒருவர் நிற்கவும் முடியாது.

நம் நாட்டு மின் நிலையங்களும் அப்படித்தான். எல்லா மாநிலங்களின் மின் நிலையங்களும் கம்பிகளால் இணைக்கப்பட்டிருக்கின்றன. இந்த இணைப்புக்கு மின் தொகுப்பு என்று பெயர். கிரிட் என்றும் சொல்வார்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையில் ஒரு பெரிய மின்பாதை இணைக்கப்பட்டது. ராய்ச்சூர் கர்நாடகத்தில் இருக்கிறது. சோலாப்பூர் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அன்று தென்னிந்தியாவும் மற்றப் பகுதிகளோடு ஒரே நாடியில் சேர்ந்தது. இப்போது காஷ்மீரின் விளக்கும் கன்னியாகுமரியின் விளக்கும் ஒரே 50-இல் எரிகின்றன.

தேர் போகும் தெருவில் மேடு வந்தால் என்ன ஆகும்? தேர் தளரும். எல்லோரும் மூச்சுப் பிடித்து இழுக்க வேண்டும். மின் தேவை கூடுவது அந்த மேடு மாதிரி. தெருவில் பள்ளம் வந்தால்? தேர் தானாக உருளப் பார்க்கும். சக்கரத்தில் முட்டுக்கட்டை போட வேண்டும். தேவை குறைவது அந்தப் பள்ளம் மாதிரி.

இந்தத் தேரை ஓட்டிச் செல்ல மூன்று காவல்கள் இருக்கின்றன.

முதல் காவல் மின் நிலையத்திலேயே இருக்கிறது. டர்பைனில் ஒரு கருவி உண்டு. அதன் பெயர் கவர்னர். வேகம் குறைந்தால் அது தானாகவே நீராவியைக் கூட்டும். வேகம் கூடினால் குறைக்கும். சில நொடிகளில் இது நடந்துவிடும்.

இரண்டாம் காவல் டெல்லியில் இருக்கும் கணினி. அங்கே தேசிய மின்சுமை அனுப்பு மையம் இருக்கிறது. அங்கிருந்து பல மின் நிலையங்களுக்கு 4 நொடிக்கு ஒரு தடவை செய்தி போகிறது. கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை என்று அது சொல்கிறது.

மூன்றாம் காவல் மனிதர்கள். டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா, ஷில்லாங் ஆகிய ஐந்து ஊர்களில் மண்டல மையங்கள் இருக்கின்றன. மாநிலங்களிலும் இத்தகைய மையங்கள் உண்டு. அங்கே பொறியாளர்கள் இரவு பகலாக முறை வைத்து வேலை செய்கிறார்கள். தீபாவளி அன்றும் அந்த அறையில் ஆள் இருக்கும். சுவரில் பெரிய திரை. அதில் அந்த எண். அவர்கள் கண் அதன் மேலேயே இருக்கும்.

தேர் நின்ற நாள்

காவல் தவறினால் என்ன ஆகும்? 2012 ஜூலை 30. அதிகாலை 2 மணி 33 நிமிடம். வட இந்தியாவில் வெயில் கடுமை. மழை தவறியிருந்தது. பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. சில மாநிலங்கள் தங்கள் பங்குக்கு மேல் மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தன. மத்தியப் பிரதேசத்தில் பீனாவுக்கும் குவாலியருக்கும் இடையிலான மின்பாதை பாரம் தாங்காமல் துண்டித்துக்கொண்டது. அந்தப் பாரம் மற்றப் பாதைகள் மேல் விழுந்தது. அவையும் ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டன.

வட இந்தியாவுக்கு மேற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. அங்கே தேவை அதிகம். உற்பத்தி குறைவு. நாடி விழுந்தது.

நாடி ரொம்பத் தளர்ந்தால் டர்பைனின் தகடுகள் அதிர்ந்து உடையக்கூடும். அதனால் ஒவ்வொரு மின் நிலையமும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாக விலகும். வடத்தை ஒருவர் விட்டால் மற்றவர்களுக்குப் பாரம் கூடும். அவர்களும் விடுவார்கள். கடைசியில் தேர் நின்றுவிடும். அன்று அதுதான் நடந்தது. வட இந்தியா முழுவதும் இருண்டது.

அன்று சரி செய்தார்கள். மறுநாள் ஜூலை 31 பகல் 1 மணிக்கு மீண்டும் விழுந்தது. இந்தத் தடவை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் இருண்டன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. உலகத்தில் அதுவரை அவ்வளவு பேரைப் பாதித்த மின்தடை நடந்ததில்லை.

ரயில்கள் நடுவழியில் நின்றன. டெல்லியில் மெட்ரோ நின்றது. மேற்கு வங்கத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளர்கள் பூமிக்கு அடியில் சிக்கிக்கொண்டார்கள். மேலே தூக்கும் எந்திரத்துக்கு மின்சாரம் இல்லை. மேலே அவர்கள் குடும்பம் காத்திருந்தது. பிறகு அவர்கள் பத்திரமாக மீட்கப்பட்டார்கள். ஆனால் அந்தச் சில மணி நேரம் எப்படிப் போயிருக்கும்!

ஒரு விஷயம் கவனியுங்கள். நாடி விழும்போது சில ஊர்களுக்கு மட்டும் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் கருவிகள் உண்டு. கொஞ்சம் பேரை நிறுத்திப் பெரும்பாலோரைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. அந்த நாட்களில் அவை போதுமான அளவு வேலை செய்யவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. சிறிய இருட்டு வர வேண்டிய இடத்தில் பெரிய இருட்டு வந்துவிட்டது.

ஒன்பது நிமிடம்

விழுந்த கதை சொன்னோம். விழாமல் காத்த கதையும் உண்டு.

2020 ஏப்ரல் 5. கொரோனாக் காலம். நாடு ஊரடங்கில் இருந்தது. அன்று இரவு 9 மணிக்கு 9 நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்து அகல் விளக்கு ஏற்றும்படி பிரதமர் கேட்டுக்கொண்டிருந்தார். மக்களுக்கு அது எளிய வேலை. மின்சுமை மையங்களுக்கு அது பெரிய சோதனை. ஏன்? எல்லோரும் ஒரே நேரத்தில் அணைத்தால் தேர் பெரும் பள்ளத்தில் இறங்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால் உடனே பெரும் மேட்டில் ஏறும்.

தேவை 12,000 அல்லது 13,000 மெகாவாட் குறையும் என்று முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். உண்மையில் சுமார் 31,000 மெகாவாட் குறைந்தது. கணக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல்!

இருந்தும் இருட்டு வரவில்லை. எப்படி? தண்ணீர் காப்பாற்றியது. அணைக்கட்டுகளில் உள்ள நீர்மின் நிலையங்களை அன்று மாலையே ஓட விட்டிருந்தார்கள். நிலக்கரி எந்திரத்தைச் சட்டென்று குறைக்க முடியாது. தண்ணீரை முடியும். மதகை மூடினால் போதும். 8.45 மணிக்கு நீர்மின்சாரம் சுமார் 25,500 மெகாவாட். 9.10-க்கு அது சுமார் 8,000 மெகாவாட். பிறகு விளக்குகள் எரியத் தொடங்கியதும் மதகுகளைத் திறந்தார்கள். தண்ணீர் திரும்ப ஓடியது.

அந்த நேரத்தில் நாடி கீழே 49.70 வரை போனது. மேலே 50.26 வரை போனது. எல்லையைக் கொஞ்சம் தாண்டியது. ஆனால் விழவில்லை. மக்கள் அகல் விளக்கை அணைத்துவிட்டு மின்விளக்கைப் போட்டார்கள். எரிந்தது. பின்னால் நடந்தது பலருக்குத் தெரியாது.

இந்தக் கதை ஒரு பாடம் சொல்கிறது. பெரிய மாற்றம் வருவதில் ஆபத்து இல்லை. முன்கூட்டித் தெரிந்து, சட்டென்று கூட்டிக் குறைக்கும் துணையும் இருந்தால் சமாளிக்கலாம்.

காற்றும் வெயிலும்

இப்போது அப்படி ஒரு மாற்றம் தினமும் வருகிறது. அது காற்றாலும் வெயிலாலும் வருகிறது.

இரண்டும் நல்லவை. நிலக்கரி வேண்டாம். புகை இல்லை. சாம்பல் இல்லை. தமிழ்நாட்டில் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுற்றுவதைப் பார்க்கலாம். ராஜஸ்தானில் பட்லா என்ற இடத்தில் பாலைவனத்தில் சோலார் தகடுகள் விரிந்து கிடக்கின்றன. அங்கே 2,245 மெகாவாட். கர்நாடகத்தில் பாவகடா வறண்ட பூமி. அங்கே விவசாயிகள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். அதில் 2,050 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறது. 2025 ஜனவரியில் நாட்டின் மொத்தச் சோலார் திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது.

ஆனால் காற்று யார் சொல்லையும் கேட்காது. ஆடியில் அடிக்கும். ஐப்பசியில் அடங்கும். வெயிலும் அப்படித்தான். காலையில் ஏறும். உச்சியில் பொங்கும். மாலையில் இறங்கும். மேகம் வந்தால் மறையும்.

மாலை 6 மணியைப் பாருங்கள். சோலார் மின்சாரம் வேகமாகக் குறைகிறது. அதே நேரத்தில் வீடுகளில் விளக்கு எரியத் தொடங்குகிறது. வடம் பிடித்தவர்களில் பலர் விலகுகிறார்கள். தெருவும் மேடாகிறது. மின்சுமை மையத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் நெருக்கடியான நேரம்.

நண்பகலில் இதற்கு நேர்மாறு. சோலார் பொங்கி வழிகிறது. செலவழிக்க ஆள் இல்லை. நிலக்கரி நிலையங்களை ஓர் அளவுக்கு மேல் குறைக்க முடியாது. முழுதும் நிறுத்தினால் மாலையில் திரும்ப ஓட்டப் பல மணி நேரம் ஆகும். அதனால் சில நாட்களில் சோலார் நிலையங்களையும் காற்றாலைகளையும் குறைத்து ஓட்டச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலவசமாக வந்த வெயில் வீணாகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. தேர் கனமானது. அதனால் அது சட்டென்று நிற்காது. நாலு பேர் வடத்தை விட்டாலும் கொஞ்ச தூரம் உருளும். அதற்குள் மற்றவர்கள் சுதாரித்துக்கொள்ளலாம். நிலக்கரி நிலையத்தின் டர்பைன் பல டன் எடை. அதுதான் தேரின் கனம். சோலார் தகட்டில் சுழலும் சக்கரமே இல்லை. இன்வெர்ட்டர் என்ற கருவி வழியாக அதன் மின்சாரம் வருகிறது. அது வடத்தை இழுக்கிறது. ஆனால் தேருக்குக் கனம் சேர்ப்பதில்லை. சோலார் பெருகப் பெருகத் தேர் இலேசாகிறது. இலேசான வண்டி சின்னக் கல் தட்டினாலும் குலுங்கும். நாடி விழுந்தால் வேகமாக விழும். சுதாரிக்க நேரம் குறைவு.

அப்படியானால் சோலார் வேண்டாமா? வேண்டும். துணை சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என்ன துணை?

ஒன்று, தண்ணீர். மேலே ஓர் அணை. கீழே ஓர் அணை. மின்சாரம் மிஞ்சும்போது கீழே உள்ள தண்ணீரை மேலே ஏற்றலாம். மின்சாரம் வேண்டும்போது அதைக் கீழே விடலாம். இதுதான் மின்சாரத்துக்கு ஒரு குதிர். தமிழ்நாட்டில் ஆனைமலையில் காடம்பாறையில் இப்படி 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் புருலியாவில் 900 மெகாவாட் நிலையம் இருக்கிறது.

இரண்டு, பேட்டரி. செல்போனில் இருப்பது மாதிரிதான். ஆனால் லாரிப் பெட்டி அளவில், வரிசை வரிசையாக இருக்கும். நண்பகல் வெயிலைச் சேமித்து மாலையில் கொடுக்கும். நாடி தளர்ந்தால் ஒரு நொடிக்குள் கை கொடுக்கும். சத்தீஸ்கரில் ராஜ்நந்த்காவில் 2024-இல் சோலார் நிலையத்தோடு சேர்த்து இப்படி ஒரு பெரிய பேட்டரி நிலையம் ஓடத் தொடங்கியது. இன்வெர்ட்டருக்கும் புதிய வேலை கற்றுக்கொடுக்கிறார்கள். தேருக்குக் கனம் இருப்பது போலவே அது நடந்துகொள்ளும்.

மூன்று, நீண்ட கம்பிகள். அருணாசலப் பிரதேசத்துக்கும் குஜராத்துக்கும் சூரிய உதயத்தில் சுமார் இரண்டு மணி நேரம் வித்தியாசம். கிழக்கே இருட்டும்போது மேற்கே வெயில் இருக்கும். ஓரிடத்தில் மேகம் மூடினால் இன்னோர் இடத்தில் வெயில் அடிக்கும். கம்பி இருந்தால் ஒன்றுக்கொன்று உதவலாம்.

நான்கு, முன்கூட்டிக் கணித்தல். நாளைக்குக் காற்று எப்படி? மேகம் எங்கே? இதைக் கணிக்கத் தனி மையங்களே இருக்கின்றன. 2020 ஏப்ரல் 5 இரவில் முன்கூட்டித் தெரிந்ததுதான் பெரிய பலம். அதை மறக்க வேண்டாம்.

சுவிட்ச் நம் கையில்

ஐந்தாவது துணை யார் தெரியுமா? மக்கள்.

தேருக்குத் தக்க ஆட்கள் வேண்டும் என்று மட்டும் பார்த்தோம். தெருவின் மேட்டையும் பள்ளத்தையும் கொஞ்சம் சமன் செய்தால் என்ன? மாலையில் செய்யும் வேலையில் கொஞ்சத்தை நண்பகலுக்கு மாற்றினால் மேடும் குறையும். பள்ளமும் தூர்ந்துபோகும்.

விவசாயியைப் பாருங்கள். பல மாநிலங்களில் பம்புக்கு மின்சாரம் இரவில்தான் வரும். இரவில் மற்றத் தேவை குறைவு என்பதால் அப்படி ஒதுக்கினார்கள். அதனால் என்ன ஆனது? நடுநிசியில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடக்க வேண்டும். பாம்பு இருக்கும். தேள் இருக்கும். சில ஊர்களில் பன்றியும் யானையும் வரும். மார்கழிப் பனியில் மடை மாற்ற வேண்டும். வீட்டில் மனைவி தூங்காமல் காத்திருப்பாள்.

இப்போது மின்சாரம் மிஞ்சுவது நண்பகலில். பம்பை நண்பகலில் ஓட்டினால் என்ன? வெயில் வீணாகாது. நாடி சீராக இருக்கும். விவசாயி இரவில் நிம்மதியாகத் தூங்குவார். குஜராத்தில் 2020 அக்டோபரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். காலை 5 மணி முதல் இரவு 9 மணிக்குள் விவசாயத்துக்கு மின்சாரம் கொடுப்பது அதன் நோக்கம். பி.எம். குசும் என்பது சோலார் பம்புகளுக்கு மானியம் கொடுக்க மத்திய அரசு கொண்டுவந்த திட்டம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வெயில் இலவசம் என்று நாளெல்லாம் பம்பு ஓட்டினால் கிணறு வற்றும். மின்சாரத்துக்கு அளவு வேண்டும். தண்ணீருக்கும் அளவு வேண்டும்.

மாவு மில்லைப் பாருங்கள். மாலை 7 மணிக்கு அரைப்பதைப் பகல் 12 மணிக்கு அரைக்கலாம். வீட்டில் துணி துவைக்கும் எந்திரம், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், இவற்றையும் பகலில் ஓட்டலாம். 2023-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி வெயில் நேரத்தில் கட்டணம் 20 சதவீதம் குறையும். உச்ச நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் கூடும். இதற்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். விவசாய இணைப்புக்கு இந்த விதி இல்லை. உங்கள் மாநிலத்தில் என்ன முறை என்று மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். பில்லில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். கேள்வி கேட்கவும் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று உண்டு. மின்சாரம் பற்றாக்குறை ஆகும்போது யார் வீடு முதலில் இருளுகிறது? நகரத்தைவிடக் கிராமத்தில் மின்வெட்டு நீளம். இது பலரும் அனுபவத்தில் கண்டது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருட்டில் உட்கார்ந்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைத்த பெட்டி சூடாகும். ஆகவே நாடி சீராக இருப்பது பொறியாளரின் கவலை மட்டும் அல்ல. அது சீராக இருந்தால் முதல் நன்மை கிராமத்துக்குத்தான். பகல் நேர மின்சாரம் வேண்டும் என்று கிராம சபையில் கேட்பது நமக்கும் நல்லது. நாட்டின் மின் தொகுப்புக்கும் நல்லது.

தாய்மார்களே! பெரியோர்களே! இளைஞர்களே!

தேர் நிலைக்கு வந்து சேரும்போது யார் இழுத்தது என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரும்தான் இழுத்தார்கள். அணையின் தண்ணீர் இழுத்தது. முப்பந்தல் காற்று இழுத்தது. ராஜஸ்தான் வெயில் இழுத்தது. கட்டுப்பாட்டு அறையில் கண் விழித்தவர்கள் இழுத்தார்கள். பம்பைப் பகலுக்கு மாற்றிய விவசாயியும் இழுத்தார்.

இன்று மாலை சுவிட்சைப் போடும்போது அந்த 50-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்த வேலையை நாளை நண்பகலில் செய்யலாமா என்றும் யோசித்துப் பாருங்கள்.